முதல் சேஃப்டி ரேசர் செட்: தேக்காவிலேயே முடித்துக்கொள்ளலாம்

சிங்கப்பூரில் தேசிய சேவையில் (கட்டாயச் சீருடைப் பணி) இருக்கும் தம்பி ஒருவர் 180 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு சேஃப்டி ரேசர் செட் படம் போட்டு, கழுத்தில் முடி உள்ளேயே சுருண்டு கொப்புளமாகிறது, இதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டியில் ரேசர், பிரஷ், கிண்ணம், ஸ்டாண்டு, சோப்பு என்று அடுக்கி வைத்திருப்பதில் உங்களுக்கு இப்போது தேவைப்படுவது பாதிதான். ஸ்டாண்டும் கிண்ணமும் வெறும் குளியலறை அலங்காரம். அந்தப் பணத்தோடு ஒரு சாயங்காலம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனால் வேண்டியதை வாங்கிக்கொண்டு, வீட்டாரோடு வாழையிலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வரலாம், அப்படியும் காசு மிஞ்சும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்று இங்கே சுமார் 5 வெள்ளியைத் தொடுகிறது. சேஃப்டி ரேசரில் போடும், இரண்டு பக்கமும் கூருள்ள பழைய மாதிரி பிளேடை நூறாக வாங்கினால் ஒன்று சுமார் 20 காசுதான் விழும். ஒரு பிளேடு நாலைந்து ஷேவுக்கு வரும், தாடி முரடாக இருந்தால் கொஞ்சம் குறையும். கிங் ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அதே யோசனைதான் இது. நடுவில் நீளத் துளை போட்ட இன்றைய பிளேடு வடிவம் 1930 வாக்கில் வந்தது, அதற்குப் பிறகு பெரிதாக மாறவே இல்லை. அதனால் ஜப்பான் பிளேடோ துருக்கி பிளேடோ இந்திய பிளேடோ, எதுவாக இருந்தாலும் எந்தக் கம்பெனி ரேசரிலும் உட்கார்ந்துவிடும். கார்ட்ரிட்ஜில் இது நடக்குமா? கைப்பிடியை மலிவாகத் தலையில் கட்டிவிட்டு, மாற்றுத் தலைக்கு வருஷக்கணக்கில் வசூலிப்பதுதானே அங்கே வியாபாரம்.

ரேசர் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், நான் என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரி, பிளேடுக்குக் கீழே சீப்புப் பல் இல்லாமல் நேரான தடுப்புள்ளது, கொஞ்சம் கனமானது. இவ்வளவு போதும். எடை ஏன் என்றால், கை அழுத்தாமல் ரேசரின் கனத்திலேயே இறங்க வேண்டும், கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும். வெய்ஷி, யாக்கி போன்ற சீன ரேசர்கள் ஷாப்பியிலும் லசாடாவிலும் இருபது முப்பது வெள்ளிக்குள் கிடைக்கின்றன, தொடக்கத்துக்கு அவை தாராளம். வெய்ஷி மட்டும் மூன்று துண்டு இல்லை, மேல்மூடி இரண்டாகத் திறக்கிற வகை, பிளேடு மாற்றுவது சுலபம், வெட்டும் மென்மையானது. ஜெர்மனியின் மெர்க்குர் 34சி, மியூலே ஆர்89, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89 எல்லாம் நல்ல ரேசர்கள்தான், கடைசி இரண்டுக்கும் தலை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இந்தப் பழக்கம் உங்களுக்கு ஒட்டுமா என்று தெரிந்த பிறகு அவற்றை வாங்கலாம். இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ரேசர், திறந்த சீப்பு ரேசர் இரண்டையும் இப்போது தொடவே வேண்டாம்.

உலோகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலிவு ரேசர்களின் தலை பெரும்பாலும் ஜமாக் என்கிற துத்தநாகக் கலவை, மேலே குரோமியம் பூச்சு. பூச்சு இருக்கும்வரை கவலை இல்லை, ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டால் உள்ளே அரிக்க ஆரம்பிக்கும், அதை நிறுத்த முடியாது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் என் மச்சான் வாங்கிய பரிசுப் பெட்டி ரேசர் தீபாவளிக்கு வந்து பொங்கலுக்குள் தோலுரிந்துவிட்டது. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் குளியலும் கழிவறையும் ஒரே அறை, சுவர் காய்வதே இல்லை. ஷேவ் முடிந்ததும் ரேசரைத் தளர்த்தி அலசி, உதறி, அறைக்கு வெளியே வையுங்கள். பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள், கூரும் போகும் விரலும் போகும்.

எனக்கு இதில் அதிகம் சொல்லிக்கொடுத்தது எந்த வீடியோவும் இல்லை, தேக்காவில் நான் முடிவெட்டப் போகும் சலூன்காரர்தான். மன்னார்குடிப் பக்கத்து மனிதர், பேச்சு குறைவு. அவர் வைத்திருப்பதும் இதே பிளேடுதான். காகித உறையோடு நீளவாக்கில் மடக்கி டக்கென்று ஒடிப்பார், சரியாக இரண்டாகும், ஒரு பாதியைக் கத்தியில் செருகுவார். உறையைப் பிரிக்காமல் ஒடிப்பதால் விரல் பிளேடில் படாது. அவர் எனக்கு ஷேவ் செய்யும்போது கவனித்தேன், கத்தியை எடுப்பதற்கு முன்னால் செய்யும் வேலைதான் அதிகம். தண்ணீர் தடவுவார், தேய்ப்பார், மறுபடியும் தண்ணீர், பிறகு பிரஷ். நுரை போட்டதும் உடனே வழிக்க மாட்டார், கத்தியைத் தயார் செய்வார், அதற்குள் முடி ஊறிவிடும். அப்புறம் இடது கட்டைவிரலால் காதுப் பக்கத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்து, சின்னச் சின்னதாக இறக்குவார்.

வீட்டில் எனக்குக் கழுத்து மட்டும் எரிகிறதே அண்ணே என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் என் விரலைப் பிடித்து என் கழுத்திலேயே மேலும் கீழும் தேய்க்க வைத்தார். வலது பக்கம் மேலிருந்து கீழே வழுவழுவென்று போனது, இடது பக்கம் சொரசொரத்தது. “பாத்தீங்களா, இங்க முடி காதப் பாத்து வளருது. நீங்க எதுத்து வழிக்கிறீங்க. மொகத்த நனைக்காம, முடி போற பக்கம் தெரியாம வச்சா எந்த பிளேடும் இழுக்கத்தான் செய்யும்” என்றார். அன்றிலிருந்து கழுத்தில் பக்கவாட்டாகத்தான் வழிக்கிறேன். இதற்காகவாவது ஒருமுறை தேக்கா சலூனில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டு பாருங்கள், காசு கொடுத்தாலும் பாடம்தான்.

படிகாரம் வாங்கச் சொன்னதும் அவர்தான். வெளிநாட்டுத் தளங்களில் இதையே செவ்வகமாக அறுத்து, அழகான டப்பாவில் போட்டு விற்கிறார்கள். பஃபலோ ரோடு, கேம்பல் லேன் பக்கம் பூஜைச் சாமான் கடையிலோ மளிகைக் கடையிலோ கேட்டால் கட்டியாகவே எடுத்துத் தருவார்கள், சில வெள்ளிகூட ஆகாது. (கடைக்கார அம்மா திருஷ்டிக்குக் கட்டவா என்று கேட்டார், முகத்துக்கு என்றேன், சிரித்துவிட்டார்.) ஷேவ் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் கழுவிய ஈரத்தோடு கட்டியை முகத்தில் தடவுங்கள். சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். அதைவிட முக்கியம், எங்கே அழுத்தினீர்களோ அங்கே சுரீர் என்று எரியும், எங்கே கை சரியாகப் போனதோ அங்கே ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் தாடை ஓரம் முழுக்க எரியும், போகப்போகக் குறையும். தடவி ஒரு நிமிஷம் கழித்துக் கழுவிவிடுங்கள். படிகாரத் தண்ணீர் ரேசரில் பட்டு நிற்க விடாதீர்கள், பூச்சுக்கு ஆகாது.

பிரஷ் விஷயத்தில் என் நண்பர் ஒருவரால் நான் லேபிள் படிக்கக் கற்றேன். கடையநல்லூர் முஸ்லிம் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கடையில் நான் எடுத்த மர பிரஷைப் பார்த்து, “மாப்ள, இது என்ன முடி?” என்றார். அட்டையில் ‘பியூர் பிரிஸில்’ என்று மட்டும் போட்டிருந்தது. அப்படிப் போட்டால் பெரும்பாலும் பன்றி முடி என்று பிறகுதான் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் அதைத் தொட மாட்டார். அடுத்து விற்பது பேட்ஜர், அதுவும் விலங்கு முடிதான், விலையும் கூட. கடைசியில் இருவரும் செயற்கை இழை பிரஷே வாங்கினோம். மதக் காரணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்த ஊருக்கு அதுதான் சரி என்பது என் முடிவு. பன்றி முடி பிரஷை முன்கூட்டி ஊறவைக்க வேண்டும், பழகி மென்மையாக நாளாகும், நம் ஈரப்பதத்தில் காயாமல் வாடை பிடிக்கும். செயற்கை இழையை நனைத்த உடனே பயன்படுத்தலாம், உதறி வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், சோப்பும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். பேட்ஜரைவிட விலையும் குறைவு.

சோப்பிலும் இதே கதை உண்டு. பாக்கெட்டில் ‘டாலோவேட்’ என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பிலிருந்து வருவது. துருக்கியின் ஆர்கோ குச்சி சோப்பு உலகம் முழுக்க ஆரம்பக்காரர்களுக்குச் சொல்லப்படுவது, மலிவு, நேராகத் தாடியில் தேய்த்து பிரஷ் போட்டாலே நுரை பொங்கும், கிண்ணமே வேண்டாம். ஆனால் அதில் டாலோ உண்டு. மாட்டுக் கொழுப்பு கூடாது என்பவர்களும் சுத்த சைவக்காரர்களும் தாவர எண்ணெய் அடிப்படையிலான கிரீம் பக்கம் போகலாம். தேக்காவின் பெரிய கடையான முஸ்தபாவில் இந்தியாவிலிருந்து வரும் ஷேவிங் கிரீம் வரிசையே இருக்கிறது, கோத்ரெஜ், வி-ஜான் என்று ஊரில் அப்பா வைத்திருந்த டியூப்கள். சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள். அடித்து நுரை கூட்ட வேண்டுமென்றால் காப்பி டபராவே போதும், எவர்சில்வர் நழுவினாலும் உடையாது. இன்னொன்று, சென்னையில் மாமா வீட்டு போர் தண்ணீரில் எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. இங்கே குழாய்த் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாலே தயிர்ப் பதத்துக்கு வந்துவிடுகிறது. வராவிட்டால் சோப்பைக் குறை சொல்லாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள்.

பிளேடை மட்டும் முதலிலேயே நூறாக வாங்காதீர்கள். நாலைந்து வகை கலந்த சிறு பாக்கெட் விற்கிறார்கள், அதில் தொடங்குங்கள். துருக்கி டெர்பி மென்மை, அஸ்ட்ரா பச்சை நடுத்தரம், ஜப்பானின் ஃபெதர் படு கூர்மை, கை பழகும்வரை ஃபெதரைப் பெட்டியிலேயே வையுங்கள். ஒருவருக்கு வெண்ணெயாகப் போகும் பிளேடு இன்னொருவருக்கு இழுக்கும், ஆகவே யார் சொன்னாலும் (நான் உட்பட) நம்பி மொத்தமாக வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருள் சேவை வரியையும் கணக்கில் வையுங்கள், 2023 முதல் பெரிய தளங்களில் சின்னச் சாமானுக்கும் அது உண்டு, இப்போது 9 விழுக்காடு.

பழைய ரேசர் பிடிக்கும் என்றால் பழைய சாமான் விற்கும் கரோசல் தளத்தைப் பாருங்கள். தோ பாயோவில் ஒரு சீனத் தாத்தாவிடம் ‘மேட் இன் இங்கிலாந்து’ பொறித்த பழைய ஜில்லெட் ஒன்றை வாங்கினேன், பித்தளை உடம்பு, நிக்கல் பூச்சு அங்கங்கே மங்கியிருந்தது. 2017 ஜூலையில் மூடிய சுங்கை ரோடு சந்தையில் அவர் வாங்கியதாம். வீட்டுக்கீழே கல் மேசையில் உட்கார்ந்து, எப்படித் திருக வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கழற்றி மாட்டிக் காட்டிவிட்டுத்தான் காசை வாங்கினார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும், இன்றைய பிளேடு கச்சிதமாக உட்கார்ந்தது. வாங்கும்போது தலை வளையாமல் இருக்கிறதா, பிளேடு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தம்பிக்குத் தனியாக ஒன்று. முகாமில் விடியற்காலை அவசரத்தில், நாலு பேர் தோளிடிக்கும் கண்ணாடி முன்னால் இதைப் பழகாதீர்கள். அங்கே இருக்கிற கார்ட்ரிட்ஜே இருக்கட்டும். வார இறுதியில் புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்து, குளித்த கையோடு, முடி போகும் திசையில் ஒரே ஒரு சுற்று, சுமார் முப்பது டிகிரி சாய்வில். முழு வழுவழுப்பு வேண்டும் என்று எதிர்த்து வழிக்கப் போகாதீர்கள், கழுத்தில் முடி உள்ளேயே சுருண்டு கொப்புளமாகிறது என்கிறீர்களே, அந்த ஆசைதான் அதைக் கிளப்பும். சுருட்டை முடிக்காரர்களுக்குத் தோலுக்கு அடியில் போய் வெட்டாத ஒற்றை பிளேடு நிம்மதி. சீழ் வைத்த கொப்புளம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், ரேசர் காத்திருக்கும்.

தேய்ந்த பிளேடைக் குப்பைக் குழாயில் சும்மா போடாதீர்கள் ப்ளீஸ். கீழே அதை அள்ளுகிறவர் கையில்தான் போய் ஏறும், அதில் நம் ஊர் ஆட்களும் உண்டு. காலி பால் டின்னில் கோடு போல ஒரு கீறல் போட்டு அதில் தள்ளி வையுங்கள், நிறைந்ததும் டேப் சுற்றிப் போடலாம். ஊருக்குப் போகும்போது பிளேடைக் கைப்பையில் வைத்தால் சாங்கி விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

கழுத்தில் முடி எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள் தம்பி, என்னிடம் பிரிக்காத பிளேடு பாக்கெட்டுகள் கொஞ்சம் கிடக்கின்றன, தேக்கா பக்கம் வந்தால் தருகிறேன்.