பக்தார்ன் வெட்டும் நாள்: 25 பேருக்கு எப்படி வேலை பிரிப்பது?

ஓக்நிழல்:
வணக்கம். சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருக்கிறோம். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, காலை 9 முதல் 12 வரை, எங்கள் தமிழ்ச் சங்கம் பக்கத்து வனக்காப்பகத்தில் பக்தார்ன் என்ற அந்நியப் புதர்மரத்தை அகற்றப் போகிறது. பெரியவர்கள் 17, பிள்ளைகள் 8. ஓக் மரங்களுக்கு அடியில் அரை ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். போன வருடம் வேறொரு குழு வெட்டிய இடம் அதை ஒட்டியே இருக்கிறது. இப்போது அங்கே ஒவ்வொரு அடிக்கட்டையிலும் ஏழெட்டுத் தளிர், இடுப்பு உயரத்துக்கு. ஏன் இப்படி ஆனது? பிள்ளைகளுக்கு என்ன வேலை தரலாம்? வெட்டிய இடத்தில் அன்றைக்கே புல்வெளி விதை தூவலாமா?

தழைமேடு:
வெட்டியிருக்கிறார்கள், வெட்டுமுகத்தில் களைக்கொல்லி மருந்து தடவவில்லை. அல்லது தாமதமாகத் தடவியிருக்கிறார்கள். நம்மூர்ச் சீமைக்கருவேலம் மாதிரிதான் இதுவும். வேரில் சத்து இருக்கும்வரை அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பும்.

களைக்கொல்லி கிளைபோசேட் என்றால் தண்ணீரில் 20 முதல் 25 சதவீதம். 41 சதவீதம் என்று விற்பதில் அதே அளவு தண்ணீர் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். வெட்டிய 5 நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும்; வெட்டுமுகம் காய்ந்தால் உள்ளே இழுக்காது. எண்ணெயில் 20 சதவீதம் கலந்த ட்ரைக்ளோபிர் எஸ்டருக்கு இந்த அவசரம் இல்லை, பட்டை வழியாகவும் இறங்கும். அதை வெட்டுமுகத்தோடு நிறுத்தாமல் கட்டையின் பக்கவாட்டிலும் மண் வரை தடவ வேண்டும். நீர் தேங்கும் இடத்தில் மட்டும் அது கூடாது.

பெரிய கட்டையின் நடுவில் ஊற்றுவது வீண். உயிருள்ள பகுதி பட்டையை ஒட்டிய ஓரவளையம்தான். முதலில் மரத்தூளைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தைத் தூள் குடித்துவிடும். நீலச் சாயம் கலந்திருந்தால் விட்டுப்போன கட்டை பளிச்சென்று தெரியும்.

இனி முக்கியமான விஷயம். இல்லினாயில் பொது நிலத்தில் களைக்கொல்லி தடவ மாநில உரிமம் வேண்டும், ஆகவே உங்கள் ஆட்கள் அதைத் தொடக்கூடாது. உரிமம் உள்ளவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று இப்போதே கேளுங்கள். ஒருவர்தான் என்றால் 4 ரம்பத்துக்கு மேல் வேண்டாம். 17 பேரும் வெட்ட ஆரம்பித்தால் அவரால் ஈடுகொடுக்க முடியாது. அடுத்த வருடம் உங்கள் இடமும் அப்படித்தான் நிற்கும்.

வெள்ளைஓக்:
நாலு ரம்பம் சரிதாங்க. ரம்பத்துக்கு இரண்டு பேர்: ஒருவர் அறுக்க, ஒருவர் மரத்தைச் சாய்த்துப் பிடிக்க. ஜோடிகளுக்கு நடுவே மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் இருக்கட்டும். மீதிப் பெரியவர்களும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளும் கிளைகளை இழுத்துப் போடலாம். கட்டை 2 அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது, மேல்முகம் தட்டையாக இருக்கணும். சாய்வாக வெட்டினால் மருந்து வழிந்துவிடும், தடுக்கி விழுகிறவருக்கு அது ஈட்டி.

நாள் நல்ல நாள். மற்ற மரங்கள் இலை உதிர்த்த பிறகும் பக்தார்ன் பச்சையாக நிற்கும். புதர் ஹனிசக்கிளும் அப்படியே. அதுவும் போக வேண்டியதுதான். பயம் இந்த மண்ணுக்கே உரிய பிளாக் செர்ரி மரத்துக்குத்தான். இளம் மரத்தில் இரண்டுக்கும் பட்டையில் குறுக்குக் கோடுகள் இருப்பதால் ஒன்றை இன்னொன்றென்று வெட்டிவிடுவார்கள். பட்டையைக் கீறிப் பாருங்கள், பக்தார்ன் என்றால் உள்ளே ஆரஞ்சு நிறம். காக்க வேண்டிய மரங்களில் காலையிலேயே ரிப்பன் கட்டச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பென்சில் தடிமன் வரை உள்ள நாற்றுகள். மண் ஈரமாக இருந்தால் வேரோடு வரும். மரத்தைப் பற்றியிருக்கும் ரோமம் அடர்ந்த கொடியை யாரும் தொட வேண்டாம்: பாய்சன் ஐவி, இலை இல்லாவிட்டாலும் அரிக்கும். அது எரிக்கப்போகும் கிளைக் குவியலுக்குள் போகவே கூடாது, புகையும் கெடுதல். உறைபனி இல்லாத நாளென்றால் நவம்பரிலும் உண்ணி இருக்கும். கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

குவியல் ஒன்றே போதும், ஓக் கிளைகளுக்கு அடியில் வேண்டாம். எரித்த வட்டத்தில் மண் வெந்து பல வருடம் களைதான் முளைக்கும். வெட்டுமுனைகளெல்லாம் ஒரே திசையில் இருந்தால் நெருக்கமாக அடங்கும். தீ வைப்பது காப்பகத்தாரின் வேலை.

விதைப்பை:
புல்வெளிக் கலவை வேண்டாம். காம்பஸ் பிளான்ட், பிக் புளூஸ்டெம் எல்லாம் வெயில் கேட்பவை. ஓக் நிழலுக்கு பாட்டில்பிரஷ் புல், சில்க்கி வைல்ட் ரை மாதிரி. கடை வாசலில் விற்கும் காட்டுப்பூ பொட்டலத்தைத் தயவுசெய்து யாரும் கொண்டுவராதீர்கள். எந்த விதை என்பதைக் காப்பகத்தாரே முடிவு செய்யட்டும்.

நவம்பரில் தூவுவது சரியான காலம். பல விதைகள் குளிரிலும் ஈரத்திலும் சில வாரம் கிடந்தால்தான் முளைக்கும். கிளை இழுக்கும் வேலை முழுக்க முடிந்த பிறகு, சருகை ரேக்கால் விலக்கி மண் தெரியவைத்து, ஈர மணலோடு கலந்து வீசி, மேலே நடந்தால் போதும். மண்ணுக்குள் புதைக்க வேண்டாம்.

இன்னொன்று: அரை ஏக்கரையும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளிச்சம் பட்டதும் மண்ணில் கிடக்கும் பக்தார்ன் விதை அடுத்த வசந்தத்தில் ஜமக்காளம் விரித்த மாதிரி வரும், கூடவே கார்லிக் மஸ்டர்ட் என்ற களையும். இந்தக் களையை ஏப்ரல், மே மாதங்களில் காய் பிடிக்கும் முன் பிடுங்கணும். பூத்ததைப் பிடுங்கி அங்கேயே போட்டால் கிடந்தபடியே விதை முற்றிவிடும். பையில் கட்டி வெளியேற்றுங்கள். வசந்தத்தில் திரும்பி வர 10 பேர்தான் என்றால் அந்த 10 பேருக்குத் தாங்கும் அளவே வெட்டுங்கள்.

ஓக்நிழல்:
மிக்க நன்றி. கேட்டுவிட்டேன், உரிமம் உள்ளவர் ஒருவர்தான், அதுவும் கிளைபோசேட். அன்று உறைநிலைக்குக் கீழே போனால் என்ன செய்வது?

தழைமேடு:
தண்ணீர்க் கரைசல் உறைந்துவிடும். அப்படியானால் இரண்டடி உயரத்தில் வெட்டி, கட்டைகளை அப்படியே நிற்க விடுங்கள். பனி விட்ட ஒரு நாளில் அவர் ஒரு துணையாளோடு வந்து, ஒவ்வொன்றையும் அடியில் புதிதாக அறுத்து உடனே தடவிவிடலாம். வசந்தத்தில் சாறு ஏறத் தொடங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறும் சாறு மருந்தை வெளியே தள்ளிவிடும். உயரமாக விட்ட கட்டைகளில் பளிச்சென்ற நாடா கட்டுங்கள், பனி மூடினாலும் தெரிகிற மாதிரி நுனியில்.