மாம்பலத்தில் பலகையைப் படிக்காமல் நடப்பவர்கள் யாராவது உண்டா?

தெருசுற்றி:
பதினோரு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு மேற்கு மாம்பலத்துக்கே திரும்பி வந்திருக்கிறேன். ரயிலை விட்டு இறங்கினால் கால் தானாக ரங்கநாதன் தெருப் பக்கம் திரும்புகிறது, கூட்டமோ பாதி மேலே ஏறிப் போகிறது. 2023ல் திறந்த ஆகாய நடைபாதையாம், தெருவையே மிதிக்காமல் தி. நகர் பேருந்து நிலையம் போய்விடலாம். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் வந்து இரண்டு மாதமாகியும் ஊர் ஒட்டவே இல்லை. போன வாரம் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கடைப் பலகையையும் படிப்பதில்லை என்று முடிவுகட்டி (முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்) காலை ஆறரைக்கு நடந்தேன். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனையும் மின்சார ரயிலின் ஹாரனும் மட்டும்தான் பழையதாகப் பிடிபட்டன. வேறு எதைக் கவனிக்கலாம்?

ஏரிக்காரன்:
மழைக்காகக் காத்திருங்கள். தி. நகர் இருக்கிற இடம் 1920கள் வரைக்கும் ஏரி, அதைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். உங்கள் பக்கம் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் தண்ணீருக்குப் பலகை தேவையில்லை, 2021 நவம்பரில் தேங்கிய தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதே. அடுத்த மழை விட்டதும் செருப்போடு இறங்கி, எந்தத் தெருவில் கணுக்கால் நனைகிறது, எங்கே பாதம் மட்டும் என்று பார்த்துக்கொண்டே துரைசாமி சுரங்கப்பாதை வரை போங்கள் (உள்ளே வேண்டாம்). மழை இல்லாத நாளில் மூக்கு போதும், மாம்பலம் கால்வாய் எங்கே ஓடுகிறது என்று கண் பார்ப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

வெள்ளைக்கோல்:
எனக்குப் பார்வை கிடையாது. நீங்கள் சோதனை என்று செய்வது எனக்கு அன்றாடப் பாடு :) கட்டடம் இடித்தால் உங்களுக்குப் பார்க்க ஒரு காலி மனை, எனக்கு ஒரு சுவரே காணாமல் போகிறது. சுவரோரம் நடக்கும்போது கோல் தட்டுகிற ஓசை ஒரு மாதிரி அடைத்துத் திரும்பும், சுவர் போனதும் விரிந்து போய்விடும், சந்து வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி இடித்துக்கொண்டிருக்கிறேன். மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்த பிறகு பனகல் பார்க் பக்கம் பேருந்துச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. 2019ல் பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கியதை எல்லோரும் புகழ்ந்தார்கள், நடக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அத்தனை அகலத்தில் சுவரோசை எட்டாது, நேராகத்தான் போகிறேனா என்று சந்தேகம் வந்துவிடும். எங்களுக்கென்று மேடு மேடாகப் பதிக்கிற மஞ்சள் கல் மேல் பைக் நிற்பதைப் பற்றி எழுதினால் இந்த இழை போதாது. நீங்கள் ஒரு முனையில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள், நடக்கும்போது நம் செருப்புச் சத்தமே பாதியை மறைத்துவிடும்.

மல்லிப்பூ:
சும்மா நிற்பதாம்! ஒரு பெண் தெருமுனையில் காரணமில்லாமல் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும், இரண்டு பேர் வழி கேட்பார்கள், மூன்றாவது ஆள் வேறு ஏதாவது கேட்பான். நான் கையில் ஒரு மஞ்சப்பை வைத்துக்கொள்வேன், கீரைக்காரம்மாவுக்குப் பக்கத்தில் நின்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அப்படி நின்றுதான் கவனித்தேன், எங்கள் தெருவில் இப்போது மிக்ஸிச் சத்தம் தரைமட்டத்திலிருந்து வருவதே இல்லை. வீடெல்லாம் அடுக்குமாடி ஆகிக் கீழே கார் நிறுத்துகிறார்கள், சமையல் மேலே போய்விட்டது. தாளிக்கிற வாசனையும் அப்படித்தான், தலைக்கு மேலேயே போய்விடுகிறது.

தெருசுற்றி:
மல்லிப்பூ சொன்ன பிறகு எங்கள் தெருவிலும் காது கொடுத்தேன், அதேதான்! பழைய ஓட்டு வீடு ஒன்று மட்டும் மிச்சம், அதன் ஜன்னலில் மட்டும் ரசம் மூக்குக்கு நேராக வருகிறது. ஞாயிறு காலை ஆறரைக்கு நிலையத்தின் மேற்கு வாசலில் நிற்கிறேன். வெள்ளைக்கோல் சார், வர முடியுமா?

வெள்ளைக்கோல்:
வருகிறேன். அந்த ரசவீட்டு வழியாகப் போவோம், எந்த வீடு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.