ஸ்போர்ட்ஸ் அண்ட் ஸ்பைனா, பெயினா?

கடைசி_வருஷ_ரெசிடென்ட்: அமெரிக்காவில் பிஎம்ஆர் (உடலியக்க, மறுவாழ்வு மருத்துவம்) ரெசிடென்சி முடிக்கப் போகிறேன். அடுத்து ஓராண்டு ஃபெலோஷிப், அதாவது மேற்சிறப்புப் பயிற்சி. ஸ்போர்ட்ஸ் அண்ட் ஸ்பைன் (விளையாட்டுக் காயம், முதுகெலும்பு) எடுப்பதா, ஏசிஜிஎம்இ (மருத்துவப் பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகரித்த பெயின் மெடிசின் (வலி மருத்துவம்) எடுப்பதா? அல்ட்ராசவுண்டில் தோள்பட்டை பார்ப்பதும் பிடிக்கிறது, முதுகில் ஊசி போடுவதும் பிடிக்கிறது.

ஈய_அங்கி: பெயின்தான், யோசிக்கவே வேண்டாம். எபிடூரல் (முதுகுத்தண்டு உறையைச் சுற்றிப் போடும் ஊசி), ஆர்எஃப் அப்லேஷன் (வலி நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது) இரண்டு பக்கமும் கற்கலாம், சரி. ஆனால் பெயின் போர்டு தேர்வு எழுத ஏசிஜிஎம்இ ஃபெலோஷிப் வேண்டும். நாளைக்கு ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் (வலியைக் குறைக்க உடலுக்குள் பொருத்தும் மின்கருவி) வைக்க அனுமதி கேட்டால், பல மருத்துவமனைகள் முதலில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கும்.

மைதான_ஓரம்: சான்றிதழ் வலியைக் கண்டுபிடிக்காது. இடுப்பு வலி என்று ஒருவர் வருகிறார். எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எபிடூரலும் போட்டாயிற்று, பலனில்லை. படுக்கவைத்துக் காலை மடக்கி உள்பக்கம் திருப்பினால் கவட்டையில் சுரீர் என்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்து இடுப்பு மூட்டுக்குள் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தை விட்டால், சற்று நேரத்தில் எழுந்து நடக்கிறார். கோளாறு முதுகில் இல்லவே இல்லை. இந்தப் பயிற்சி ஸ்போர்ட்ஸ் அண்ட் ஸ்பைன் பக்கம்தான் நிறைய கிடைக்கும். அப்புறம் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரைகள். 2016இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் ஓபியாய்டு வழிகாட்டி வந்தபின் பல குடும்ப மருத்துவர்கள் அந்த மாத்திரைகளை எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அந்த நோயாளிகள் யார் வாசலில் நிற்கிறார்கள்?

ஈய_அங்கி: காலைத் திருப்பிப் பார்க்க எங்களுக்கும் தெரியும் ஐயா, நானும் பிஎம்ஆர்தான். மாத்திரை எழுதாத பெயின் கிளினிக்குகளும் இருக்கின்றன, வேலைக்குச் சேரும்போதே பேசிக்கொள்ள வேண்டும். நீங்கள் போடும் பிஆர்பி (நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பிளாஸ்மா) ஊசிக்குப் பெரும்பாலும் காப்பீடு கிடையாது, நோயாளியின் கைக்காசு. அதையும் சொல்லுங்கள்.

மைதான_ஓரம்: பிஆர்பி விஷயம் உண்மைதான். அதை நம்பி யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பழைய_ஃபெலோ: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏசிஜிஎம்இ ஸ்போர்ட்ஸ் மெடிசின் வேறு, முதுகு ஊசியே பிரதானமான ஸ்பைன் ஃபெலோஷிப் வேறு. முன்னதில் சேர்ந்துவிட்டு எபிடூரல் எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. போன வருட ஃபெலோவிடம் அவருடைய புரொசீஜர் லாகை (எந்த ஊசி எத்தனை போட்டார் என்ற பதிவை) கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடத்தை உங்கள் விருப்ப வரிசையான ரேங்க் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.

கடைசி_வருஷ_ரெசிடென்ட்: ஸ்டிமுலேட்டர் மேல் எனக்குப் பெரிய ஆசை இல்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து ஆசை வந்தால்?

ஈய_அங்கி: அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்!