பீர்க்கன் கொடி: சமையலுக்கும் நாருக்கும் ஒரே கொடி போதுமா?

பந்தல்காரி:
பீர்க்கன் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, மஞ்சள் பூ கொத்துக் கொத்தாக வருகிறது, ஆனால் எல்லாமே உதிர்கிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை. உரம் போதவில்லையா? அப்புறம், இதே கொடியில் பிஞ்சைச் சமையலுக்குப் பறித்துக்கொண்டு, சில காய்களை உடம்பு தேய்க்கும் நாருக்கு விடலாமா?

விதைநெல்:
கொத்தாக வருபவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் செய்யும். முதலில் ஆண் பூ வருவதுதான் வழக்கம். பெண் பூ தனியாக வரும், இதழுக்குக் கீழே விரல் போலக் குட்டிக் காய் இருக்கும். உரத்தைக் கூட்டாதீர்கள், தழைச்சத்து அதிகமானால் இலையும் கொடியும்தான் பெருகும். பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் தேனீ வரவில்லை என்று பொருள், ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் நீங்களே தடவிவிடுங்கள். எந்த ரகம்? வரிவரியாக முகடு இருக்கும் பீர்க்கு மாலையில்தான் பூக்கும், வழவழப்பான மெழுகு பீர்க்கு விடியலில் பூக்கும். நேரம் தெரியாமல் போனால் மூடிய மொட்டைத்தான் பார்ப்பீர்கள்.

பந்தல்காரி:
வழவழப்பான ரகம். அப்படியானால் காலையில் பார்க்கிறேன். நார்?

கூடுநார்:
நாருக்கு அந்த ரகம்தான் சிறந்தது. ஒரே கொடி போதும், ஆனால் முற்றவிட்ட காய் கொடியின் சத்தை இழுத்துக்கொள்ளும், புதுப் பிஞ்சு குறையும். அதனால் நீண்ட வெயில்காலம் இருந்தால் முதலில் பிஞ்சுகளைப் பறித்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு நேராகத் தொங்கும் நல்ல காய்களில் சிலவற்றை மட்டும் விடுங்கள். சீக்கிரம் குளிர் வந்துவிடும் இடமென்றால் முதல் காய்களையே விட வேண்டும், ஏனென்றால் விதை ஊன்றியதிலிருந்து நார் முற்ற ஐந்தாறு மாதம்கூட ஆகும், உறைபனி பட்டால் கொடி செத்துவிடும். தோல் பழுப்பாகி, கையில் எடுத்தால் லேசாக இருந்து, குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். அதற்கு முன் பறிக்க அவசரப்படவே கூடாது, நார் பிசுபிசுவென்று வலுவில்லாமல் இருக்கும். தோல் உரிய மறுத்தால் தண்ணீரில் ஊறவைத்து உரியுங்கள். விதையைக் கொட்டிவிட்டு, சாறு போக அலசி வெயிலில் காயவையுங்கள். வெளுக்கும் ரசாயனம் எதுவும் தேவையில்லை, பழுப்பு நிறத்தால் ஒரு கெடுதலும் கிடையாது.

விதைநெல்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சமைக்கும் முன் ஒரு துண்டு நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயை எறிந்துவிடுங்கள், அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். கசக்கும் காயின் விதையையும் சேமிக்காதீர்கள்.

பந்தல்காரி:
சரி, நார் எத்தனை நாள் உழைக்கும்?

கூடுநார்:
ஒவ்வொரு முறையும் பிழிந்து காற்றில் தொங்கவிட்டால் மூன்று நான்கு வாரம். ஈரமாகவே கிடந்தால் கிருமி சேரும், வாடை வந்ததும் மாற்றிவிடுங்கள். பழையதை நறுக்கி உரக்குழியில் போடலாம், மக்கிவிடும்.