கடைக் கணக்கும் டீச்சர் சம்பளமும் கலந்துபோச்சு, எப்படிப் பிரிப்பது?

ஃப்ளாக்_மிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ஃப்ளாக் பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை. கடை கணவர் பெயரில். நான் அரசு ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒரு நாளைக்குச் சராசரி 12,000 ரூபாய் விற்கிறது, கார்னேயில், அதாவது வாடிக்கையாளர் கடன் நோட்டில், நிலுவை 85,000. வியாபாரம் குறையவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் மொத்த வியாபாரிக்குக் கட்ட என் சம்பளத்திலிருந்து பத்தாயிரம், பதினைந்தாயிரம் போகிறது. போனில் பணம் அனுப்பும் ஜூஸ் செயலியில் வரும் பணமும் என் நம்பருக்குத்தான் வருகிறது. கடன் வாங்குகிறவர்களில் பலர் என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என்பதால் கேட்கவும் கூச்சம். பணம் எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப்பிள்ளை:
முதல் வேலை, கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஜூஸ் பணம் அதற்கு வரட்டும். சம்பளம் விழும் கணக்கில் கடைப் பணமும் விழுந்தால் எது யாருடையது என்று ஆறு மாதம் கழித்து ஒருவராலும் சொல்ல முடியாது. ‘அனுப்பிட்டேன்’ என்று வாடிக்கையாளர் தன் போனைக் காட்டினால் நம்பிச் சாமானைக் கொடுக்காதீர்கள், கடைப் போனில் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது இருப்பு எண்ணுவது. மாதக் கடைசி ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, ஒருவர் எண்ணிச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். எல்லாம் வாங்கின விலையில். மாத ஆரம்ப இருப்பு 2,40,000, மாதத்தில் வாங்கியது 2,90,000, கடைசி இருப்பு 2,50,000 என்று வைத்துக்கொள்வோம். போன சரக்கு 2,80,000. நூறு ரூபாய்க்கு விற்றால் 12 ரூபாய் லாபம் நிற்கும் கடை என்றால், 2,80,000-ஐ 0.88-ஆல் வகுங்கள். சுமார் 3,18,000 விற்றிருக்க வேண்டும். ரொக்கம், ஜூஸ், புதுசாக எழுதின கடன் மூன்றையும் கூட்டினால் 3,05,000 தான் வருகிறதா? அந்த 13,000 தான் உங்கள் ஓட்டை.

இங்கே பலர் சறுக்குவது ஒன்று: பழைய பாக்கி வசூலானதையும் இன்றைய விற்பனையில் சேர்த்துவிடுவார்கள். அது போன மாதமே விற்பனையாகக் கணக்கில் ஏறிய பணம். மறுபடி சேர்த்தால் ஓட்டை மறைந்துபோகும். வசூலுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

ஓட்டையில் பெரும் பங்கு அநேகமாக உங்கள் அடுப்படிதான். அலமாரியிலிருந்து வீட்டுக்குப் போகும் பால்பவுடர், எண்ணெய், பருப்பு, சோப்பு எதையும் யாரும் எழுதுவதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டு நோட்டு ஒன்று தொங்கட்டும். கணவருக்கும் மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக நிர்ணயித்து, வீட்டு நோட்டுத் தொகையை அதில் கழியுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் சம்பளத்திலிருந்து கடைக்குப் பணம் போனால், ‘டீச்சரிடம் வாங்கிய கடன்’ என்று தேதி போட்டு எழுதுங்கள். வீட்டுக்காரரிடமே எழுதி வாங்குவதா என்று தோன்றும். எழுதினால்தான் கடை தன் காலில் நிற்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியும்.

கரும்புக்காடு:
கார்னேவைக் கவனிக்காமல் இருப்பு மட்டும் எண்ணிப் பயனில்லை. ஆயிரம் ரூபாய்க் கடன் வராமல் போனால் சரக்கின் விலை 880 போச்சு; அதை மீட்க இன்னும் 7,300 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும்.

கடன் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உச்சவரம்பு, சொல்லப்போனால் 3,000. போன மாதப் பாக்கியில் பாதியாவது கட்டினால்தான் புதுப் பக்கம். சிகரெட், சாராயம், போன் டாப்-அப் ஒருநாளும் கடனில் வேண்டாம்: முதல் அதிகம், லாபம் சொற்பம். வாடிக்கையாளரின் கார்னே ஒன்று, கடை நோட்டு ஒன்று, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். பிள்ளையிடம் கார்னே கொடுத்தனுப்பினால், ரொட்டியோடு சிப்ஸும் ஏறும். அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். பிள்ளை கையில் எது தரலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கரும்பு வெட்டு ஜூன் வாக்கில் தொடங்கி வருடக் கடைசி வரை. ஃப்ளாக் பக்கம் பிப்ரவரி முதல் மே வரை பாக்கி ஏறுவது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டிசம்பர் போனஸ் கைக்கு வந்த வாரத்திலேயே பழைய பாக்கியைக் கேட்டு வாங்குங்கள். கிறிஸ்மஸ் தாண்டினால் அந்தப் பணம் இருக்காது. வயதானவர்களுக்கு மாத ஆரம்பத்தில் பென்ஷன் வரும், அவர்கள் பெரும்பாலும் சொன்னபடி கட்டிவிடுவார்கள்.

தெற்கு_லாபுத்திக்:
கடனே வேண்டாம் என்று போர்டு மாட்டுங்கள். தொல்லை தீர்ந்தது.

கரும்புக்காடு:
மாட்டலாம் அண்ணா. கையில் ரொக்கம் இருக்கிறவர் மலிவான விலைக்கு சூப்பர்மார்க்கெட் போகிறார். தெருக் கடைக்கு ஆள் வருவதே கார்னேக்காகத்தான்.

ரோஸ்_பெல்_அக்கா:
தங்கச்சி, நீங்கள் வசூலிக்கும் ஆளாக இருக்கவே கூடாது. கடன் கொடுப்பது, நிறுத்துவது, கேட்பது மூன்றும் கணவர் வேலை. பள்ளிக்கூட வாசலில் பாக்கி பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அது அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடப்படும். சாயங்காலம் கடையில் உட்கார்ந்தால் எழுதுங்கள், பேரம் பேசாதீர்கள். பணம் போதவில்லையே என்று கடைக்குப் பின்னறையில் டியூஷன் தொடங்கும் யோசனை வந்தால் ஜாக்கிரதை: 4-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் காசு வாங்கிப் பாடம் எடுப்பது சட்டப்படி கூடாது.

இன்னொன்று: கல்யாணப் பதிவில் சொத்து பொதுவா, தனித்தனியா என்று எடுத்துப் பாருங்கள். பொது என்றால் கடைக்கடன் வீட்டுவரைக்கும் வர வழி உண்டு. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், அதற்கு முன் ஒரு நொத்தேரிடம் (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) காகிதத்தைக் காட்டுங்கள்.

ஃப்ளாக்_மிஸ்:
ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும்தான். இந்த ஞாயிறே எண்ணப் போகிறோம். ரேஷன் அரிசி, காஸ் இதையெல்லாம் அதே 12-இல் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
கூடாது. ரேஷன் அரிசி, மாவு, காஸ் எல்லாம் அரசு விலை. நிற்கும் லாபம் குறைவு. இவற்றுக்கும் சிகரெட்டுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டு, அதனதன் சதவிகிதத்தில் வகுங்கள். ஒரே கணக்கில் போட்டால் இல்லாத ஓட்டை இருப்பதாகக் காட்டும். காஸில் நிறைந்த சிலிண்டரோடு காலி சிலிண்டரையும் எண்ணுங்கள், அதிலும் உங்கள் முன்பணம் கிடக்கிறது. காலியைத் திருப்பித் தராமல் நிறைந்ததை எடுத்துப் போனவர் பெயரும் கார்னேயில் ஏற வேண்டும்.