எங்கள் வளவு: குடும்பக் குழு

சிங்கப்பூர்த் தம்பி, காலை 6:40
ஆச்சி, அண்ணன், வணக்கம். காரைக்குடியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நேற்று உடன் படிக்கும் பையனை அடித்துவிட்டான். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை என்பதால், ஒரு வாரம் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். அவன் அம்மா வேலையிலிருந்து வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிறது. எனக்கு மனம் கலங்குகிறது.

பள்ளத்தூர் அண்ணன், 6:58
செல்லம் கூடிவிட்டது. அப்பச்சி பிரம்பை எடுத்தால் வளவே அடங்கும். அப்படி வளர்ந்த நாம் யாரும் கெட்டுப்போகவில்லை.

தேவகோட்டை ஆச்சி, 7:25
அண்ணன், அப்பச்சி பினாங்கிலிருந்து வந்து தங்கியது ஆண்டுக்கு ஒரு மாதம்தான். மற்றப் பதினொரு மாதமும் நம்மை நெறிப்படுத்தியது முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் கண். யாருடைய பம்பரத்தையாவது பிடுங்கி வந்தால், இரண்டாம் கட்டைத் தாண்டுவதற்குள் விசாரித்து, விளக்கு வைப்பதற்குள் திருப்பிக் கொடுக்க வைத்துவிடுவார். காட்ஃபிரட்சன், ஹிர்ஷி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர்கள் 1990இல் எழுதியதும் இதுவே: பிள்ளையைக் கவனிப்பதும், தவறைத் தவறென்று காண்பதும், விடாமல் திருத்துவதும் சேர்ந்துதான் தன்னடக்கத்தை வளர்க்கின்றன.

சிங்கப்பூர்த் தம்பி, 7:31
அவனுக்குப் பதினொரு வயதாகிவிட்டதே, ஆச்சி?

தேவகோட்டை ஆச்சி, 7:52
காலம் கடந்துவிடவில்லை, தம்பி. பத்து வயதுக்குள் படிந்தது பெரிதும் மாறாது என்ற அவ்வறிஞர்களின் கருத்தை நான் அப்படியே ஏற்பதில்லை. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த சுமார் 1,000 பிள்ளைகளை 32 வயது வரை தொடர்ந்து கவனித்தபோது, சிறுவயதில் தன்னடக்கம் குறைந்திருந்தவர்களே பின்னாளில் குற்றத் தண்டனை அதிகம் பெற்றிருந்தார்கள். ஆனால் வளர வளர அது கூடியவர்களின் வாழ்க்கை மேம்பட்டும் இருந்தது. வீட்டில் கவனிக்க ஆள் குறைந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே முகப்பு. ஒரு வாரம் வெளியே நிறுத்தினால் அந்தக் கண்ணையும் அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோம். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: பிரம்புக்கு அஞ்சுகிற பையன், பிரம்பு இல்லாத இடத்தைத் தேடிப் போவான்.

பள்ளத்தூர் அண்ணன், 8:05
அப்பத்தாவை மறந்துதான் பேசிவிட்டேன். மாலை நான்கு முதல் ஏழு வரை அவன் என் வீட்டில் இருக்கட்டும். நானே அழைத்து வருகிறேன்.

சிங்கப்பூர்த் தம்பி, 8:09
நான் இரவு எட்டு மணிக்குத் தினமும் அவனோடு பேசுகிறேன். தலைமையாசிரியரிடம் நீங்கள் பேச முடியுமா, ஆச்சி?

தேவகோட்டை ஆச்சி, 8:11
ஒன்பதரைப் பேருந்தில் வருகிறேன். அவனைக் குளித்துத் தயாராக இருக்கச் சொல். அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும்.