'வல்லவன்' யாருடைய ஆல்பம்? சுங்கை சிப்புட் பாட்டு ரசிகர்கள் பதில் சொல்லுங்கள்

லயத்துப்பையன்:
நேற்று பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் சொன்னது இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. "மலேசியத் தமிழனுக்கென்று சொந்தமாக ஒரு ஆல்பம் சொல்லு பார்ப்போம், எல்லாம் மெட்ராஸ் சரக்குதான்" என்றார். 2006-இல் நம் ராப் பாடகர் யோகி பி, நட்சத்திரா குழுவோடு சேர்ந்து செய்த 'வல்லவன்' இருக்கிறதே என்றேன். "அது ராஜா போட்ட பாட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பதில் கேட்கக்கூட நிற்கவில்லை.

உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது, ஏன் என்று சொல்லுங்கள். எனக்கு முதலிடம் 'வல்லவன்'. அது வந்தபோது நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். அதற்கு முன் ராப் என்றாலே எங்களுக்கு ஆங்கிலம்தான். தமிழில், நம் பையன்கள் பேசுகிற வேகத்தில் ஒருவர் ராப் பாடி, அது தமிழ்நாடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பள்ளி பஸ்ஸில் பின் சீட்டுப் பையன்கள் முழுப் பாட்டையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் இரண்டு வரி மனப்பாடம் செய்யாதவர்கள் அவர்கள்.

பழைய ஒலிநாடா:
பெரியவர் சொன்னதில் என்ன தப்பு? 'வல்லவன்' ஆல்பத்தில் வருகிற 'மடை திறந்து' 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு. எஸ்.பி.பி. பாடினார். ராஜாவின் மெட்டை எடுத்து நடுவில் வேகமாகப் பேசினால் அது உங்கள் பாட்டு ஆகிவிடுமா? மெட்டு யாருடையது? அதை மட்டும் சொல்லுங்கள்.

செம்பனைக்காடு:
அண்ணே, ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டா இருக்கிறது? 'மடை திறந்து' அதில் ஒன்று. மற்றவற்றைக் கேட்டீர்களா? ராப் என்ற இசையே பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்து, தாளத்தை மாற்றி, புதிய சொல்லை அதன்மேல் அடுக்குவதில்தான் வளர்ந்தது. 1970-களில் நியூயார்க்கில் அப்படித்தான் தொடங்கினார்கள். இது திருட்டு இல்லை, முறை.

பழைய ஒலிநாடா:
நியூயார்க் கதை எனக்கு வேண்டாம். மெட்டு யாருடையது?

மின்னல்ரசிகை:
முதலில் ஆல்பம் என்றால் என்ன என்று முடிவு செய்துவிட்டுப் பேசலாமே. சினிமாப் பாட்டுக் கேசட்டும் ஆல்பமா, தனியாக வெளியிட்டது மட்டுமா? என்னைக் கேட்டால் தனி ஆல்பத்தில் 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'டை மிஞ்ச எதுவும் இல்லை. பாட்டு வரிகளே இல்லை. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் பேசும். வேலை முடிந்து வந்து விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன். அம்மா எத்தனை முறை திட்டினாலும் அந்த அரைமணி நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாம்டிவிசன்:
இங்கே ஒருவருமே மலேசியா வாசுதேவன் பெயரை எடுக்கவில்லையே! பெயரிலேயே நாட்டை வைத்துக்கொண்டு பாடிய மனுஷன். 1944-இல் இந்த மண்ணில் பிறந்தவர். '16 வயதினிலே', 'முரட்டுக்காளை'யில் 'பொதுவாக எம்மனசு தங்கம்', 'முதல் மரியாதை'யில் ஜானகியம்மாவோடு 'பூங்காற்று திரும்புமா'. எங்கள் தோட்டத்து டிவிசனில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் முன் ரேடியோவில் அவர் குரல் வந்தால், வேலையை மேற்பார்க்கும் தண்டல் கூட இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் பெயர் கூப்பிடுவார். மலேசியத் தமிழனுக்குப் பாட்டு இல்லை என்று சொன்ன அந்தப் பெரியவரை என்னிடம் அனுப்புங்கள்.

பழைய ஒலிநாடா:
வாசுதேவன் பெரிய பாடகர், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று படத்துக்கும் இசை யார்? இளையராஜா. திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறீர்கள். குரல் நம்முடையது, மெட்டு ராஜாவுடையது. 'மடை திறந்து'வுக்கும் அதே கதைதான்.

செம்பனைக்காடு:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். மேலே தங்கச்சி சொன்ன 'ஹௌ டு நேம் இட்'டில் மேற்கத்திய இசை மேதை பாக்கின் வயலின் இசை வருகிறதா இல்லையா? ஜெர்மனிக்காரர் எழுதி முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ராஜா எடுத்தால் மேதைமை, யோகி பி எடுத்தால் திருட்டா?

பழைய ஒலிநாடா:
அந்த ஆல்பத்தையே தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார் ராஜா. இரண்டு மேதைகளையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார். அதற்கு இரண்டு மெட்டை ஒரே நேரத்தில் இணைத்து ஓட விடுகிற மேற்கத்திய எதிர்முனைச் சுரம் எழுதத் தெரிய வேண்டும், கர்நாடக ராகமும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் யார்? பாக்கோடு ராப்பை ஒப்பிட வந்துவிட்டார்.

மின்னல்ரசிகை:
நான் பிடித்த ஆல்பத்தைச் சொன்னேன். அதை இழுத்து உங்கள் சண்டைக்கு ஆயுதம் ஆக்காதீர்கள், இரண்டு பேருமே.

ஈப்போக்காரன்:
சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பாக் பற்றிப் பேசுகிறீர்களா! அந்த நாளில் ஒரு நல்ல கேசட் வேண்டுமென்றால் பஸ் ஏறி எங்கள் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குத்தானே வந்தீர்கள்?

இரண்டாம்டிவிசன்:
ஏன், எங்கள் ஊரில் கடை இல்லையா? பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 90 நிமிடக் கேசட்டில் பதிவு செய்து தருவார்கள். ஒரு பக்கம் 45 நிமிடம். ஆறு நிமிடப் பாட்டைக் கடைசியில் போட்டால் நடுவில் அறுந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் வரிசை எழுதுவோம். முதல் பாட்டு எது, பக்கம் திருப்பியதும் வருகிற பாட்டு எது என்று இரண்டு நாள் யோசிப்போம். அந்த ரசனை ஈப்போவுக்குத் தெரியாது. அப்படி நான் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த வாசுதேவன் கேசட்டை ஒருவர் கடன் வாங்கிப் போனார். அவர் இந்தப் பேச்சில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். மெட்டு மெட்டு என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

பழைய ஒலிநாடா:
அந்தக் கேசட்டை உங்கள் தம்பியிடம் கொடுத்தாயிற்று. பேச்சை மாற்ற வேண்டாம். லயத்துப்பையன் இன்னும் பதில் சொல்லவில்லை. மெட்டு யாருடையது?

லயத்துப்பையன்:
மெட்டு ராஜாவுடையது என்று யாருக்கு அண்ணே தெரியாது? பல்லவியே 'மடை திறந்து' என்றுதான் வருகிறது, ஒளித்து வைக்க அதில் என்ன இருக்கிறது? ஆனால் அதைக் கேட்ட என் வயதுப் பையன்கள்தான் 'நிழல்கள்' பாட்டைத் தேடிப் போனார்கள். 'இது ஒரு பொன்மாலை' எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. அந்தப் படத்தில் வைரமுத்து எழுதிய 'மடை திறந்து' அவ்வளவு பெரிய பாட்டு என்று எங்களுக்குக் காட்டியதே யோகி பி.

பழைய ஒலிநாடா:
பார்த்தீர்களா! வைரமுத்து எழுதியது 'இது ஒரு பொன்மாலை', அவருடைய முதல் பாட்டு. 'மடை திறந்து' எழுதியது வாலி. எழுதியவர் யார் என்றே தெரியாமல் அந்தப் பாட்டைச் சொந்தம் கொண்டாட வந்துவிட்டார்கள். இதைத்தான் அந்தப் பெரியவர் சொன்னார். ரீமிக்ஸ் கேட்டு வளர்ந்தால் மூலம் தெரியாது.

லயத்துப்பையன்:
வாலியோ வைரமுத்துவோ, இங்கே கேள்வி அது இல்லை. ராப் வரிகளை எழுதியது யார்? அதற்கு மட்டும் பதில் வராது உங்களிடமிருந்து.

செம்பனைக்காடு:
அப்படிக் கேள் தம்பி. 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' மறுபடி வந்ததே, எம்.எஸ்.வி. 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்குப் போட்ட மெட்டு. அதில் யோகி பி குரல் கேட்டது. சென்னைக்காரர்களே நம் ஆளைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். இங்கே உள்ளூரில்தான் அவருக்கு மரியாதை இல்லை.

பழைய ஒலிநாடா:
அந்த மெட்டு எம்.எஸ்.வி.யுடையது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எதை எடுத்தாலும் மெட்டு வேறொருவருடையது. நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு வெற்றி பெற்ற மாதிரிப் பேசுகிறீர்கள். நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிறேன். தோட்டத்துக் கணக்கர் கிராணியார் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று ரேடியோகிராமில் கேட்ட தலைமுறை நான். நம் தமிழ் வானொலிக்கு மின்னல் என்று பெயர் வருவதற்கு முன் அது ரேடியோ 6. நேயர் விருப்பத்துக்கு அஞ்சல் அட்டை எழுதிப் போட்டு, பெயர் வருமா என்று வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒரு பாட்டுக்கு இசை யார், எழுதியவர் யார், பாடியவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்வதை நோட்டில் எழுதி வைத்தோம். இப்போது கைப்பேசியில் தட்டினால் பாட்டு வருகிறது, யார் போட்டது என்று படிக்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை.

மின்னல்ரசிகை:
ஐயா, இங்கே பிடித்த ஆல்பத்தைத்தான் கேட்டார்கள். உங்களுக்குப் பிடித்தது எது என்று இதுவரை நீங்கள் சொல்லவே இல்லை.

பழைய ஒலிநாடா:
எனக்கு ராஜா போட்டது எல்லாமே பிடிக்கும். அதில் தனியாக ஒன்றைப் பிரித்துச் சொல்வது அவருக்கு அவமரியாதை.

ஈப்போக்காரன்:
இப்படிப் பேசினால் பட்டியல் எப்படிப் போடுவது? வருகிற கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பாட்டுப் போடும் பொறுப்பு இவரிடம்தான் என்று கேள்விப்பட்டேன். பையன்கள் பாவம்.

செம்பனைக்காடு:
போன வருடமே பார்த்தோமே. தீமிதி முடிந்த இரவு பையன்கள் போய் 'வல்லவன்' ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று போடச் சொல்லிக் கேட்டார்கள். கோயில் வளாகத்தில் ராப் வேண்டாம் என்றார். அப்புறம் அவரே 'ராக்கம்மா கையத் தட்டு' போட்டார். குனித்த புருவமும் என்று தேவாரம் அதில் வருகிறது, அதனால் பரவாயில்லையாம்!

பழைய ஒலிநாடா:
தேவாரம் வருகிறதா இல்லையா? வருகிறது. உலகம் முழுக்க வாக்களித்து 2002-இல் பி.பி.சி. முதல் பத்தில் அந்தப் பாட்டு வந்ததா இல்லையா? வந்தது. கோயிலில் எதைப் போடலாம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து பேசுங்கள், இங்கே வேண்டாம்.

லயத்துப்பையன்:
கூட்டத்துக்கு வந்தால் பேச விடுவீர்களா? போன முறை எழுந்து நின்றவனை "தம்பி உட்காரு" என்றது யார்?

பழைய ஒலிநாடா:
வயதுக்கு மரியாதை கொடுத்துக் கேட்டால் பேச விடுவோம். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 'மடை திறந்து' மெட்டு யாருடையது?

இரண்டாம்டிவிசன்:
தம்பியிடம் இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். அவனிடம் யாரும் எந்தக் கேசட்டும் கொடுக்கவில்லை. நாளைக் காலை மார்க்கெட் பக்கம்தான் வருவேன்.